டாஸ் காலத்து டிர் கட்டளையில் அப்படி என்ன வசதி இருந்தது?

விண்டோஸுக்கு முன் பிசிகளை எழுத்துக் கட்டளைகளால் இயக்கிய டாஸில், டிர் என்பது டிஸ்க்கில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை. கேட்டவர் லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் எல்எஸ் பழகியவர் என்று நினைக்கிறேன். 'டாஸில் இருந்த டிர் வெறும் பெயர்ப் பட்டியல்தானே, அதில் என்ன வசதி இருந்திருக்கும், இன்றைக்கு அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது' என்பது கேள்வி. அந்தக் கட்டளையை வைத்துப் பிழைப்பு நடத்தியவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். (கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

1993ல் மதுரையில் ஒரு சின்ன டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, நோட்டீஸ், பில் புக், இதுதான் வேலை. ஹார்ட் டிஸ்க் வெறும் 40 எம்பி, அதனால் முடிந்த வேலை எல்லாம் ஃபிளாப்பிக்குப் போய்விடும். ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பிறகு மூன்று, அவ்வளவுதான் இடம். முருகேசன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒன்பது எழுத்து, கடைசி எழுத்து வெட்டுப்படும். அதே வருஷம் இன்னும் இரண்டு முருகேசன் வீட்டுக் கல்யாணம் வந்தால் எது எவருடையது என்று கண்டுபிடிக்க டிர் காட்டும் அளவும் தேதியும் நேரமும்தான் கதி. இதுகூட எல்லாருக்கும் கிடைத்ததில்லை. டாஸுக்கு முந்திய இயங்குதளமான சிபி/எம்மில் டிர் அடித்தால் பெயர்கள் மட்டும்தான் வரும், அளவு தெரியவேண்டுமானால் ஸ்டாட் என்று தனிக் கட்டளை. 1981ல் வந்த முதல் ஐபிஎம் பிசி டாஸிலேயே பெயரோடு அளவும் தேதியும் ஒரே வரியில் வந்துவிட்டன.

டிர் ஏன் அவ்வளவு வேகம் என்று பலர் கேட்பார்கள். அது எந்த ஃபைலையும் திறப்பதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் 32 பைட் கொண்ட ஒரு கட்டம் உண்டு: பெயருக்கு 8, பின்னொட்டுக்கு 3, மறைவா படிக்க மட்டுமா என்று குறிக்க 1, நேரத்துக்கு 2, தேதிக்கு 2, ஃபைல் தொடங்கும் இடத்துக்கு 2, அளவுக்கு 4, மீதி 10 அப்போது காலி. டிர் இந்தக் கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக் காட்டும். அதனால்தான் ஆரம்பத்தில் அதற்கு அகர வரிசை தெரியாது, கட்டம் இருக்கிற வரிசைதான் அதன் வரிசை. ஒரு ஃபைலை அழித்தால் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'காலி' என்று குறித்துவிடும், அடுத்து வரும் புது ஃபைல் அந்தக் காலிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று காலை செய்த வேலை பட்டியலின் நட்டநடுவில், போன வருஷத்துப் பெயர்களுக்கு இடையில் கிடக்கும்.

இதைச் சமாளிக்க டிர் தருவதை, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குள் குழாய் போட்டு (அதாவது ஒன்றின் வெளியீட்டை நேராக இன்னொன்றுக்குள்) அனுப்புவோம். அளவு வரியின் 14வது எழுத்திலிருந்து தொடங்கும் என்பதால் சார்ட் /+14 என்றால் அளவு வரிசை. பழைய பதிப்புகளில் இப்படிச் செய்யும்போது இருக்கிற டிரைவிலேயே தற்காலிக ஃபைல்கள் உருவாகி, அவையும் புரியாத பெயரோடு, பூஜ்ய அளவோடு பட்டியலில் வந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது வைரஸ் என்று பயந்து மெஷினை அணைத்துவிட்டேன்.

1991ல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0தான் டிர்ரை வேறு ஆளாக்கியது. அதுவரை பக்கம் பக்கமாக நிறுத்த /பி, பெயர்களை ஐந்து பத்தியாகப் பரப்ப /டபிள்யூ, இந்த இரண்டு ஸ்விட்ச்தான் (கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் குறி) கைவசம். 5.0ல் /ஓ வந்தது: /ஓ:என் பெயர் வரிசை, /ஓ:எஸ் அளவு வரிசை, /ஓ:டி தேதி வரிசை, நடுவில் கழித்தல் குறி போட்டு /ஓ:-டி என்றால் புதியது முதலில். /ஏ போட்டால் மறைந்திருப்பவையும் தெரியும், /எஸ் உள்ளே உள்ள டைரக்டரிகளுக்குள் (இன்றைய ஃபோல்டர்) எல்லாம் இறங்கித் தேடும். இன்னொன்று தலைப்பு, தேதி எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் தருவது. அதுவும் (ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து) தமிழில் எழுதினால் /பி ஆகிவிடுகிறது, அதனால் அதை வெறும்பெயர் ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்வோம். இதையெல்லாம் தினமும் அடிக்க வேண்டாம் என்று டிர்சிஎம்டி என்ற மாறியும் (நம் விருப்பத்தைச் சேமித்துவைக்கும் ஒரு பெயர்) கொடுத்தார்கள். மெஷின் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் செட் டிர்சிஎம்டி=/ஓ:ஜிஎன் என்று ஒரு வரி எழுதிவிட்டால், அப்புறம் சும்மா டிர் என்று அடித்தாலே டைரக்டரிகள் முதலில், பிறகு ஃபைல்கள் பெயர் வரிசையில் வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த மாறிதான், ஒருவர் வேலை செய்கிற விதத்துக்குக் கட்டளை வளைந்து கொடுக்கிறது.

ஆனால் எங்கள் கடையைக் காப்பாற்றியது எந்த ஸ்விட்ச்சும் இல்லை, டிர் தருவது சாதாரண எழுத்து, அதை எங்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம் என்பதுதான். ஆவணி மாதம் ஒருவர் வந்து, "தம்பி, போன வருஷம் மூத்த பொண்ணுக்கு அடிச்சீங்களே, அதே மாதிரி சின்னவளுக்கும் வேணும், பேரை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார். பெட்டியில் 180 ஃபிளாப்பி. ஒவ்வொன்றாகப் போட்டு டிர் அடித்துப் பார்த்தால் அரைநாள் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் லேபிள் கட்டளையால் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணை மேலே ஒட்டின தாளிலும் எழுதி, டிர் ஏ: /எஸ் >> சி:\லிஸ்ட் என்று ஒவ்வொன்றின் பட்டியலையும் ஒரே ஃபைலின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போனேன். 47வது ஃபிளாப்பியில் கவனம் சிதறி இரண்டு அம்புக்குறிக்குப் பதில் ஒன்று மட்டும் போட்டேன். ஒரு அம்புக்குறி என்றால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுது என்று அர்த்தம். அதுவரை சேர்த்த 46ம் போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றிலிருந்து எந்தப் பட்டியலைத் தொடும் முன்பும் அதை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைப்பேன்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது வெறும்பெயர் ஸ்விட்ச்சை வேண்டுமென்றே போடவில்லை. முழு டிர்ரில்தான் ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் டிஸ்க்கின் பெயர் வரும், எடிட் என்ற டாஸ் எழுத்துத் திருத்தியில் திறந்து பெயரைத் தேடி, அங்கிருந்து மேலே போய்ப் பார்த்தால் எந்த ஃபிளாப்பி என்று தெரிந்துவிடும். தேதியை மட்டும் நம்ப முடியவில்லை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன சில மாதங்களில் செய்த வேலைக்கெல்லாம் 01-01-80 என்று விழுந்திருந்தது. டாஸின் தேதிக் கணக்கே 1980ல்தான் தொடங்குகிறது, கடிகாரம் நின்றால் அங்கேதான் போய் நிற்கும்.

சரி, இன்றைக்கு? விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் மேலே சொன்ன ஸ்விட்ச் எல்லாம் அப்படியே வேலை செய்கின்றன, டிர்சிஎம்டி உட்பட. விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் மட்டும் டிர் என்பது வேறொரு கட்டளையின் மறுபெயர், அங்கே டிர் /எஸ் என்று அடித்தால் பிழைதான் வரும். அதனால் எந்த ஜன்னலில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

என்னிடம் இப்போதும் பென்டிரைவைக் கொண்டுவந்து, உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது, பிள்ளையின் படமெல்லாம் போய்விட்டது என்று கண்கலங்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் எதுவும் போயிருக்காது, வைரஸ் அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கும். எதையும் சொடுக்காதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பென்டிரைவின் எழுத்துக்குப் போய் டிர் /ஏ என்று அடியுங்கள். ஃபோல்டர் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். பிறகு, மறைவுக் குறிகளை மாற்றும் கட்டளையான அட்ரிப்பை வைத்து, அட்ரிப் -எச் -எஸ் -ஆர் /எஸ் /டி என்று அடித்தால் மறைவு நீங்கும், படங்களை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு அப்புறம் வைரஸைக் கவனிக்கலாம்.