கழுத்துல ஷேவ் பண்ணா பொரிப்பொரியா வருது, சேஃப்டி ரேசருக்கோ சவரக்கத்திக்கோ மாறினா சரியாகுமா?

சேஃப்டி ரேசருக்கு, அதாவது ஒத்தை பிளேட சொருகற பழைய மாடல் ரேசருக்கு மாறுங்க, வித்தியாசம் தெரியும். சவரக்கத்திய இப்போதைக்கு தொட வேண்டாம், ஏன்னு கடைசில சொல்றேன்.

அஞ்சு பிளேடு ரேசர் போட்டும் கழுத்து மட்டும் சரியாகலன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதே கதைதான், தினமும் ஷேவ் பண்ணிட்டு வரணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, காலர் உரசினாலே எரியும், வெள்ளை சட்டை போட்டா சாயங்காலம் காலர் உள்பக்கம் கடுகு அளவுல ரத்தப் புள்ளி இருக்கும், அம்மா துவைக்கும்போது பாத்துட்டு என்னடா இதுன்னு கேப்பாங்க. அஞ்சாறு வருஷம் கிரீம் மாத்தி, ஜெல் மாத்தி, லோஷன் மாத்தி ஓட்டினேன். அதனால உங்களுக்கு கொஞ்சம் விரிவாவே எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல ஏன் வருதுன்னு புரிஞ்சுக்கங்க. நிறைய பிளேடு இருக்கற ரேசர்ல முதல் பிளேடு முடிய லேசா இழுக்கும், அது திரும்ப உள்ள போறதுக்குள்ள அடுத்த பிளேடு வந்து வெட்டிடும், அதனால வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்கும் கீழ போய் நின்னுடுது. கன்னத்துல இதனால பெருசா ஒண்ணும் ஆகாது. கழுத்து முடி படுத்த வாக்குல வளரும், சிலருக்கு சுருண்டு வேற வளரும், அது மறுபடி வெளிய வர வழி கிடைக்காம உள்ளயே வளைஞ்சு தோல குத்தும், உடம்பு அத வெளிய இருந்து ஏறின முள்ளு மாதிரி எடுத்துக்கிட்டு வீங்க வைக்கும். பொரிப்பொரியா பரு மாதிரி தெரியறது பெரும்பாலும் இந்த உள்முடிதான். சீழ் வச்சு வலி இருந்தா மட்டும் ரேசர எல்லாம் ஓரமா வச்சுட்டு ஸ்கின் டாக்டர போய் பாருங்க.

சேஃப்டி ரேசரோட ஒத்தை பிளேடுல இந்த இழுத்து வெட்டுற வேலை இல்ல, தோல் மட்டத்தோட நின்னுடும். ஆனா அதே சேஃப்டி ரேசர வாங்கி பழைய பழக்கத்துல அமுக்கி இழுத்தீங்கன்னா இப்போ இருக்கறதவிட மோசமா வெட்டிக்குவீங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு.

எங்க அப்பா காலைல 6 மணிக்கு பின்கட்டுல ஜன்னல் கம்பில சின்ன கண்ணாடிய மாட்டிட்டு, ஒரு டம்ளர் சுடுதண்ணி, பிரஷ், சோப்பு டப்பா, மூணு பாகமா கழட்டுற ரேசர், இவ்வளவுதான் செட், அதோட ஒக்காந்துடுவாரு. பிளேடு 7 ஓ கிளாக், இல்லன்னா டோபாஸ். ஒரு பிளேடு மழுங்கிடுச்சுன்னா தூக்கிப் போட மாட்டாரு, கண்ணாடி டம்ளர் உள்பக்கம் பிளேட ஒரு விரலால அழுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்ப்பாரு, கிரீச் கிரீச்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் இன்னும் மூணு நாலு ஷேவ் ஓடும். அதுக்கும் மேல மழுங்கினா அது பென்சில் சீவவும் அம்மாவுக்கு தையல் பிரிக்கவும் போயிடும். இந்த பிளேட கண்டுபிடிச்ச கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895ல வந்த யோசனையே, தீட்டாம தூக்கிப் போடற மாதிரி மெல்லிசா மலிவா ஒரு பிளேடுங்கறதுதான். அதுக்கு முன்னாடியே 1880ல அமெரிக்காவுல காம்ப்ஃப் சகோதரர்கள் தோல ஆழமா வெட்டாம இருக்க காப்பு வச்ச ரேசருக்கு பேட்டன்ட் வாங்கிட்டாங்க, ஆனா அதுல இருந்த பிளேட தீட்டித்தான் ஆகணும். அவ்வளவு மெல்லிசான இரும்புக்கு பதம் ஏத்த முடியாதுன்னு நிறைய பேர் கைவிரிச்சப்போ வில்லியம் நிக்கர்சன்னு ஒரு இன்ஜினியர்தான் அதுக்கு வழி பண்ணாரு. 1903ல கடைக்கு வந்தப்போ அந்த வருஷம் முழுக்க வித்தது 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவம் 35 லட்சம் ரேசர் வாங்கி சிப்பாய்ங்க கைல குடுத்த பிறகுதான் வீட்லயே ஷேவ் பண்ற பழக்கம் அங்க ஊர் முழுக்க பரவுச்சு.

(டம்ளர்ல தேய்க்கிறது அப்போ இருந்த பிளேடுக்கு. இப்போ வர்றதுல வாய்ப்பக்கம் கோட்டிங் இருக்கு, தேய்ச்சா அதுதான் முதல்ல போகும், அதனால செய்யாதீங்க.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். அப்பா ரேசர எடுத்து முதல் தடவை ஷேவ் பண்ணப்போ நாடிக்கு கீழ ஒரு அங்குல நீளத்துக்கு கோடு போட்டுடுச்சு, ரத்தம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு சாயங்காலம் தெருமுனைல சலூன் வச்சிருந்த அண்ணாச்சிகிட்ட போய் காட்டினேன். எங்களுக்கு திருநெல்வேலி பக்கம், அவர் எனக்கு சின்ன வயசுலேருந்து முடி வெட்டினவர். பாத்துட்டு, "தம்பி, பால்ல ஆடை எடுத்திருக்கீங்களா, பால் அசையாம ஆடைய மட்டும் எடுக்கணும், அதான் சவரம், நீங்க பாலையும் சேத்துல்லா அள்ளியிருக்கீக"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான் பாடம். ரேசரோட எடையே போதும், கை அத எடுத்துட்டு மட்டும் போகணும். கைப்பிடிய மொத்தமா பிடிக்காம வால் பக்கம் மூணு விரல்ல பிடிங்க, அப்போ அமுக்கணும்னு நினைச்சாலும் அமுக்க வராது. கோணத்துக்கு ஒரு வழி இருக்கு: ரேசர் தலைய கன்னத்துல தட்டையா வைங்க, கைப்பிடி வெளிய நீட்டிட்டு நிக்கும், பிளேடு தோல்ல படாது, அப்படியே கைப்பிடிய மெதுவா கீழ இறக்கிட்டே வந்தீங்கன்னா ஒரு இடத்துல முடி அறுபடற சரசர சத்தம் கேக்கும், அங்க நிறுத்துங்க. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 30 டிகிரி வரும். அந்த சத்தத்த கவனிச்சுக்கிட்டே ஷேவ் பண்ணுங்க, கண்ணாடிய விட காது நல்லா சொல்லும், அதுக்காகவே பாத்ரூம்ல பாட்டு போட மாட்டேன்.

அடுத்தது முடி வளர்ற திசை, கழுத்துப் பிரச்சனைல பாதி இதுதான். ரெண்டு நாள் ஷேவ் பண்ணாம விடுங்க, ஒரு பஞ்சுத் துண்ட எடுத்து கழுத்துல நாலு திசைலயும் தடவிப் பாருங்க, எந்தப் பக்கம் போனா பஞ்சு மாட்டி நூல் நூலா நிக்குதோ அது எதிர் திசை, எந்தப் பக்கம் வழுக்கிட்டு போகுதோ அது முடி போற திசை. நானெல்லாம் கழுத்து முடி கீழ்நோக்கித்தான் வளருதுன்னு நினைச்சுட்டு இருந்தேன், பஞ்சு வச்சுப் பாத்தா இடது பக்கம் காது நோக்கி பக்கவாட்டுல போகுது, வலது பக்கம் தொண்டைக்குழிலேருந்து மேல்நோக்கி வருது, அப்போ நான் அத்தனை வருஷமும் மேலேருந்து கீழ இழுத்தது வலது பக்கத்துல சரியான எதிர் ஷேவ். புள்ளி புள்ளியா ரத்தம் வந்தது எல்லாம் அந்தப் பக்கம்தான். முதல் ஒரு மாசம் முடி போற திசைலயே ஒரு தடவை மட்டும் போங்க. கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும், பரவால்ல, இருக்கட்டும். தோல் ஆறின பிறகு வேணும்னா இன்னொரு தடவை நுரை போட்டு குறுக்கால போகலாம். எதிர்ல போறத கழுத்துக்கு மறந்துடுங்க. சங்கு இருக்கற இடத்துல தோல ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சு சமமாக்கிட்டு ஷேவ் பண்ணுங்க.

தண்ணிய பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க, நம்ம ஊர்ல இதுதான் பெரிய விஷயம். உங்க வீட்ல போர் தண்ணின்னா அதுல சோப்பு நுரைக்காது, அதுல இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து வெள்ளையா திரிஞ்ச மாதிரி ஆகி பக்கெட் ஓரத்துல படியும் பாத்திருப்பீங்க, அதே படிவுதான் உங்க மூஞ்சிலயும், அதுக்கு மேல பிளேடு போனா எரியாம என்ன பண்ணும். நான் சென்னைல இருந்தப்போ எவ்வளவு தேய்ச்சாலும் நுரை ரெண்டு நிமிஷத்துல காஞ்சு போகும், சோப்பு சரியில்லன்னு நாலு சோப்பு மாத்தினேன், ஒரு தடவை ஊருக்கு வந்து தாமிரபரணி தண்ணில அதே சோப்ப போட்டப்போதான் விஷயம் புரிஞ்சுது. அப்புறம் குடிக்கற கேன் தண்ணிய ஒரு டம்ளர் சுட வச்சு ஷேவிங்குக்கு எடுத்துப்பேன், ஒரு டம்ளர்தான், அது போதும்.

ஷேவ் பண்றதுக்கு முன்னாடி முடி ரெண்டு மூணு நிமிஷமாவது தண்ணில ஊறணும், குளிச்ச உடனே பண்றது உத்தமம். காஞ்ச தாடி முடி அதே கனத்துல இருக்கற செம்புக் கம்பி அளவுக்கு உறுதின்னு சொல்வாங்க, ஊறினா மெத்துனு ஆகிடும். இன்னொண்ணும் இருக்கு: அமெரிக்காவுல எம்ஐடிங்கற பல்கலைக்கழகத்துல 2020ல ஆராய்ஞ்சு பாத்திருக்காங்க, முடி அந்த பிளேடு இரும்பவிட 50 மடங்கு மெத்துனு இருந்தும் அது சாஞ்சு மாட்டற இடத்துல பிளேடோட வாய்ல கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உடைசல் விழுதாம். தேஞ்சு மட்டுமே மழுங்கல, உடைஞ்சும் மழுங்குது. அதனால ஒரு பிளேட நாலஞ்சு ஷேவுக்கு மேல இழுக்காதீங்க, இழுக்கற மாதிரி தோணுச்சுன்னா அன்னிக்கே மாத்துங்க. நான் வாங்கற பிளேடு ஒண்ணு அஞ்சு ரூபாய்க்குள்ளதான் வருது, கஞ்சம் பிடிக்க ஒண்ணுமில்ல. நுரைக்கு ஒரே அடையாளம், கெட்டித் தயிர் மாதிரி பளபளன்னு இருக்கணும், குமிழி குமிழியா நின்னா தண்ணி அதிகம், பிரஷ்ல ஒட்டி இழுத்தா தண்ணி கம்மி. பிரஷ் சிந்தெட்டிக்கே போதும்.

முடிஞ்சதும் பச்சைத் தண்ணில கழுவிட்டு, படிகாரக் கல்ல நனைச்சு லேசா தேய்ச்சு விட்டுடுங்க. எங்க எரியுதோ அங்க அமுக்கியிருக்கீங்கன்னு அர்த்தம், மறுநாள் அங்க கைய இன்னும் லேசாக்குங்க. எனக்கு மூணு வாரத்துல காலர்ல புள்ளி நின்னுச்சு.

இப்போ சவரக்கத்தி. சலூன்ல நீங்க பாக்கறது பாதி பிளேட சொருகற கத்தி, ஆளுக்கு ஒரு பிளேடு மாத்திடுவாங்க, 1990கள்ல எய்ட்ஸ் பயம் வந்த பிறகு நம்ம ஊர் சலூன் எல்லாம் அதுக்கு மாறிடுச்சு, மாறினது நல்லதுதான், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் ரத்தத்துல ஒட்டற நோய், அதனால வீட்லயும் அண்ணன் தம்பியா இருந்தாலும் ரேசர மாத்தி எடுக்காதீங்க. அண்ணாச்சி அப்படி மாறினப்போ அவரோட பழைய கத்தி சும்மா கெடந்துச்சு, வால் பக்கம் சோலிங்கன்னு பொறிச்ச ஜெர்மன் கத்தி, பிடி மஞ்சளாகி ஒரு ஓரம் விரிசல் விட்டிருக்கும். நான் ஆசையா கேட்டேன்னு குடுத்துட்டாரு. அத தீட்டவே எனக்கு ரெண்டு மாசம் பிடிச்சுது. தோல் பட்டைல கத்தியோட முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும், பட்டையோட முடிவு வந்ததும் கத்திய தூக்காம முதுகு மேலயே புரட்டி திரும்ப வரணும், வாய முன்னாடி விட்டா பட்டை கிழிஞ்சுடும். நான் முதல் வாரமே பட்டைல ரெண்டு இடத்துல வெட்டு போட்டுட்டேன். ஒவ்வொரு ஷேவுக்கு முன்னாடியும் போக வர 40, 50 தடவை பட்டைல ஓட்டணும், சில மாசத்துக்கு ஒருக்கா கல்லுல பிடிக்கணும், ஷேவ் முடிஞ்சதும் துடைச்சு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கணும், இல்லன்னா நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரே ராத்திரில துரு பிடிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் அதுல ஷேவ் பண்றேன், எனக்கு அது ரொம்பப் பிடிச்ச நேரம். ஆனா புண்ணா இருக்கற கழுத்த வச்சுக்கிட்டு அதுல பழகக் கூடாது. ஆறு மாசம் சேஃப்டி ரேசர்ல கை பழகட்டும், அப்புறம் கன்னத்துலேருந்து ஆரம்பிங்க, கிருதாக்கு கீழ தட்டையா இருக்கற இடம்தான் சுலபம்.

ரேசர் வாங்கற அன்னிக்கே இன்னொரு வேலை பண்ணிடுங்க. பழைய பவுடர் டப்பா ஒண்ண எடுத்து மூடில பிளேடு நுழையற அளவுக்கு கீறல் போட்டு, பழைய பிளேட எல்லாம் அதுக்குள்ள போடுங்க. பேப்பர்ல சுத்தி குப்பைல போட்டா அது பிரிஞ்சு தெருவ கூட்டறவங்க கைய வெட்டும். எங்க வீட்டு டப்பா அப்பா காலத்துலேருந்து இருக்கு, இன்னும் நிறையல.