செல்லுக்குள் ஒரு கணக்கு நோட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செல்லுக்குள் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் செய்தி கடத்துவதை விஞ்ஞானிகள் எப்படிக் கணக்காக எழுதுகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாடல், மாடல் என்கிறீர்களே, அது கம்ப்யூட்டரில் ஓடும் படமா?

படம் இல்லை. கணக்கு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரதத்துக்கும் அதில் ஒரு பக்கம். செல் அந்தப் புரதத்தை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பது வரவு. எவ்வளவு வேகமாக அது சிதைகிறது என்பது செலவு. வரவில் செலவைக் கழித்தால் இருப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இதைத்தான் வகைக்கெழுச் சமன்பாடாக எழுதுகிறோம். அந்தச் சமன்பாடுகளின் தொகுப்புதான் மாடல். ஒரு பக்கத்தின் செலவு இன்னொரு பக்கத்தின் இருப்பைப் பொறுத்து மாறும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. அப்போது மனக்கணக்கு கைகொடுக்காது.

கேள்வி: ஒரு புரதம் தன்னை அழிக்கிற புரதத்தைத் தானே உருவாக்கும் என்று கல்லூரியில் படித்தேன். எதற்கு இந்த வீண்வேலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீங்கள் படித்தது பி53 ஆகத்தான் இருக்கும். 1979இல் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் இது. மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு பழுதாகியிருக்கிறது. டிஎன்ஏ உடைந்தால் பி53 பெருகும். செல் பிரிவதை நிறுத்தும், தேவைப்பட்டால் செல்லையே சாகவைக்கும். அதே பி53 எம்டிஎம்2 என்ற புரதத்தின் மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. எம்டிஎம்2வோ பி53ஐப் பிடித்து, சிதைக்க வேண்டியது என்று அடையாளம் குத்திவிடுகிறது.

எதிர்மறைப் பின்னூட்டம் இது. அளவு மீறாமல் இருக்க பி53 தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் தாமதம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தோசைக்கல்லைப் பாருங்கள். அடுப்பைக் கூட்டினாலும் கல் உடனே காய்வதில்லை. காயவில்லையே என்று இன்னும் கூட்டுகிறோம், தோசை கருகுகிறது. சட்டென்று குறைக்கிறோம், கொஞ்ச நேரத்தில் கல் ஆறிப்போய் அடுத்த தோசை ஒட்டிக்கொள்கிறது. செல்லிலும் மரபணுவைப் படித்து, அதன் நகலான ஆர்என்ஏ எழுதி, புரதம் கட்டி முடிக்க நேரமாகிறது. எம்டிஎம்2 வந்து சேர்வதற்குள் பி53 எகிறிவிடும். எம்டிஎம்2 நிறைந்ததும் பி53 சரிந்துவிடும்.

நோட்டில் இந்த இரண்டுக்கு மட்டும் பக்கம் ஒதுக்கி, தாமதமே இல்லாமல் எளிய சமன்பாடுகளாக எழுதிப் பாருங்கள். அலை எழும்பும், ஆனால் தேய்ந்து அடங்கிவிடும். இடையில் ஆர்என்ஏ போன்ற படிகளையோ தாமதத்தையோ சேர்த்தால்தான் அலை நிற்காமல் ஓட வாய்ப்பு வருகிறது. எதை விட்டுவிட்டோம் என்று மாடலே காட்டிக்கொடுக்கிற இடம் இது.

2004இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கலித் லஹவ், யூரி அலோன் குழுவினர் இதை நேரில் பார்த்தார்கள். பி53க்கு ஒரு நிறத்திலும் எம்டிஎம்2க்கு இன்னொரு நிறத்திலும் ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து, மார்பகப் புற்றுசெல்களை டிஎன்ஏவை உடைக்கும் காமாக் கதிரில் காட்டி, செல் செல்லாகப் படமெடுத்தார்கள். செல்லின் உட்கருவில் ஒரு நிறம் ஒளிர்ந்து மங்கும். கொஞ்சம் பின்னால் மற்றது ஒளிரும். மறுபடி முதல் நிறம். ஒரு சுற்றுக்குப் பல மணி நேரம். கதிரின் அளவைக் கூட்டியபோது அலையின் சராசரி உயரம் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது.

கேள்வி: அப்படியானால் இத்தனை வருடம் சோதனைக்கூடத்தில் இந்த அலைகள் ஏன் தெளிவாகக் கண்ணில் படவில்லை?

லட்சக்கணக்கான செல்களை ஒன்றாகக் கரைத்து அளந்ததால். ஒரு செல் மேலே போகும்போது பக்கத்துச் செல் கீழே வரும். சராசரி எடுத்தால் எல்லாம் மழுங்கிவிடும். சராசரியை மட்டும் பார்த்து மாடல் எழுதாதீர்கள் என்று என் மாணவர்களிடம் அலுக்காமல் சொல்வது இதனால்தான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் தவளை முட்டை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபெரெல் 1996இல் சக ஆய்வாளர் ஹுவாங்குடன் சேர்ந்து, எம்ஏபி கைனேஸ் என்ற மூன்றடுக்குப் புரதத் தொடர் மெல்ல ஏறாமல் சுவிட்ச் போலச் சட்டென்று மாறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் முட்டையை முதிரவைத்து இந்தத் தொடரை முடுக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முட்டைச் செல்களை மொத்தமாக அளந்தால் கைனேஸும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டருக்கும் பெரிது. ஒன்றை மட்டும் தனியாக எடுத்தே புரதத்தை அளக்கலாம். 1998இல் அப்படி ஒவ்வொன்றாக அளந்தார்கள். நடுத்தர அளவு ஹார்மோனில் பாதி முடுக்கத்தில் நிற்கும் முட்டை அநேகமாக இல்லை. ஒவ்வொரு முட்டையிலும் கைனேஸ் ஒன்று முழுதாக முடுக்கப்பட்டிருந்தது, இல்லையென்றால் முடுக்கப்படவே இல்லை.

கேள்வி: வேகங்களை எல்லாம் அளக்க முடியாதே. தெரியாத எண்களை வைத்துக்கொண்டு என்ன கணக்கு?

நியாயமான சந்தேகம். பல எண்களை உத்தேசமாகத்தான் போடுகிறோம். எந்த எண்ணைப் போட்டாலும் எந்த முடிவு அசையவில்லை என்று தேடுவது ஒரு வழி. ஈ.கோலை பாக்டீரியா இரை இருக்கும் திசைக்கு நீந்தும். சூழல் மாறினால் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டுப் பழைய நிலைக்கே துல்லியமாகத் திரும்பும். இந்தத் துல்லியத்துக்கு எண்கள் சரியாக அமைய வேண்டியதில்லை, புரதங்கள் இணைந்திருக்கும் விதமே போதும் என்று பார்காய், லீப்ளர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் மாடலில் காட்டினார்கள். 1999இல் அலோன் குழு பாக்டீரியாவுக்குள் புரத அளவுகளை மாற்றிப் பார்த்தது. திரும்புவதற்கான நேரம் மாறியது, துல்லியம் மாறவில்லை.

கேள்வி: ஒரு செல்லில் ஒரு மரபணுவுக்கு இரண்டே பிரதிகள். அங்கேயும் உங்கள் சமன்பாடு செல்லுமா?

சரியாகச் செல்லாது. எண்ணிக்கை இவ்வளவு குறைந்தால் தற்செயலுக்குத்தான் அதிகப் பங்கு. அங்கே தாயக்கட்டை உருட்ட வேண்டும். அடுத்து எந்த வினை நடக்கும், எப்போது நடக்கும் என்று நிகழ்தகவுப்படி ஒவ்வொன்றாக உருட்டும் முறையை 1977இல் டேனியல் கில்லெஸ்பி எழுதினார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகும் இது தேவையா?

தேவைதான். ஆல்ஃபாஃபோல்டு ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல், அது புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்கிறது. எவ்வளவு புரதம், எத்தனை மணிக்கு என்பது வேறு கேள்வி.

கேள்வி: எங்கே தொடங்குவது? புரோகிராமிங் தெரியாது.

முதலில் காகிதத்தில் பி53, எம்டிஎம்2 இரண்டுக்கும் வரவு செலவு எழுதுங்கள். அப்புறம் கோப்பாசி என்ற இலவச மென்பொருளில் அதை ஓட்டிப் பாருங்கள். புரோகிராம் எழுதாமலே ஓடும். பயோமாடல்ஸ் தளத்தில் வெளியான மாடல்கள் திறந்தே கிடக்கின்றன. ஒன்றை எடுத்து ஓர் எண்ணை மட்டும் பத்து மடங்காக்கி என்ன உடைகிறது என்று பார்ப்பதில் கற்றுக்கொள்வது அதிகம்.

கேள்வி: அப்பா புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார். இந்த ஆராய்ச்சி அவருக்கு உதவுமா?

அப்பாவின் சிகிச்சையை அவருடைய மருத்துவர் சொல்கிறபடி தொடருங்கள். நான் சொல்லக்கூடியது சோதனைக்கூடத்தில் நடந்ததை மட்டும்தான். நட்லின் என்ற பொருள் பி53ஐ எம்டிஎம்2 பிடிக்காமல் தடுக்கும். 2012இல் லஹவ் குழு, எந்த நேரத்தில் எவ்வளவு நட்லின் விட்டால் அலை மட்டமாகும் என்று மாடலில் கணக்கிட்டு, அதன்படியே செல்களுக்குக் கொடுத்தது. பி53 ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றது. அலையாக விட்ட செல்களில் பல பழுதைச் சரிசெய்துகொண்டு மறுபடி பிரியத் தொடங்கின. மட்டமாக நிறுத்திய செல்களில் பெரும்பாலானவை நிரந்தரமாகப் பிரிவதை நிறுத்திவிட்டன. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது இது. உடம்பில் ஒரு மருந்தை எந்த மணிக்குக் கொடுப்பது என்று கணக்கிட, இதே நோட்டில் கல்லீரலுக்கும் ரத்தத்துக்கும் கட்டிக்கும் இன்னும் பல பக்கங்கள் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கங்களைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.