உங்கள் கல்லூரி அணிக்கு வேறு கல்லூரியிலிருந்து குவார்ட்டர்பேக் வந்தபோது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?

தப்பான பக்கம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வாட்ஸப் குழுவில் யாராவது இதைப் படித்தால் பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறார். கூடத் தங்கியிருப்பவர்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் யாரோ ஒரு பையன் அணி மாறி வருவதைப் பற்றி ராத்திரி இரண்டு மணிவரை கத்துகிறார்களாம், காரணம் புரியவில்லையாம். எனக்கும் ஒரு காலத்தில் புரியவில்லை. நான் கொலம்பஸ் நகரத்தில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். படிப்பு முடிந்தும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. வந்த வருஷம் நவம்பர் கடைசியில் வளாகத்துப் பலகைகளில் எல்லாம் 'எம்' என்ற எழுத்தின்மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பரம எதிரியான மிஷிகன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் வருகிறது, அதனால் அந்த வாரம் அந்த எழுத்தே ஆகாது. பங்காளிச் சண்டையில் பத்திரிகையில் பேர் போடாமல் விடுவார்களே, அப்படி. அன்றைக்கே இது வெறும் விளையாட்டு இல்லை என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, குவார்ட்டர்பேக். களத்தில் ஒரு அணிக்குப் பதினோரு பேர். அதில் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் கைக்கு வருவது இவருக்குத்தான். வீசுவதா, ஓடுவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா என்று மூன்று விநாடிக்குள் முடிவு பண்ண வேண்டும். மற்ற இடங்களில் இரண்டு மூன்று பேரை மாற்றி மாற்றி ஆடவிடலாம், இங்கே அது நடக்காது. நாற்காலி ஒன்றுதான். அதனால் வெளியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், ஏற்கெனவே இருக்கும் ஒருவர் எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். சண்டையின் வேர் அங்கே இருக்கிறது.

முன்பெல்லாம் இது இவ்வளவு சுலபம் இல்லை. பட்டப்படிப்பு முடிக்காமல் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, மாற விரும்புகிறவர் அதில் பேரைப் போட்டால் மற்ற கல்லூரிகள் பேசலாம். 2021இல் ஒரு தடவை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள், 2024இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்று ஆகிவிட்டது. நடுவில் 2021 ஜூலை முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி. எல்லாம் சேர்ந்து அப்போது டிசம்பர் மாதத்தைச் சந்தை மாதமாக்கிவிட்டது. ஐபிஎல் ஏலம் மாதிரியா என்றால், இல்லை. ஏலத்தில் அணி வீரரை எடுக்கிறது, இங்கே வீரர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்.

இனி என் கதை.

2023 நவம்பர் 25. மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பரில் அவர்களோடு ஆட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட். கடைசி நிமிடத்தில் 24-30 என்று பின்தங்கியிருந்தோம், பந்து எங்களிடம். ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) போட்டால் ஆட்டம் கைக்கு வந்துவிடும். மெக்கார்ட் வீசினார், மிஷிகன்காரர் பிடித்துவிட்டார். இதற்குப் பேர்தான் இன்டர்செப்ஷன். நான் திருச்சிக்கார நண்பன் வீட்டில் ரசம் சாதத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் பேசவில்லை. மிஷிகனிடம் மூன்றாவது வருஷமாகத் தோல்வி. அந்தப் பருவத்தில் அதுவரை நாங்கள் தோற்றிருந்த ஒரே ஆட்டம் அதுதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பத்து நாள் ஆகவில்லை, மெக்கார்ட் போர்ட்டலில் பேர் போட்டுவிட்டார் என்று செய்தி. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை. டிசம்பர் கடைசியில் அவர் இல்லாமல் மிசௌரியோடு காட்டன் பவுல் என்ற பருவக் கடைசி ஆட்டத்தை ஆடினோம். அன்றைக்கு இறங்கிய டெவின் பிரௌனுக்குக் கணுக்காலில் அடி, பிறகு வந்தது முதலாண்டுப் பையன். 3-14. அறுபது நிமிட ஆட்டத்தில் மூன்றே மூன்று புள்ளி. அந்த ராத்திரி எங்கள் குழுவில் யாராவது "நானே போய் வீசுறேன்டா" என்று சொல்லியிருந்தால் ஓட்டுப் போட்டிருப்போம்.

ஜனவரியில் வந்தவர் வில் ஹோவர்டு, கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து.

குழு இரண்டாகப் பிளந்தது. திருச்சிக்காரன் ஒரு எண் கணக்கோடு வந்தான்: "மச்சான், 2023ல மெக்கார்ட் 24 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். ஹோவர்டு 24 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். இருந்தவனையே அனுப்பிட்டு அதைவிடக் கொஞ்சம் கம்மியா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்திருக்கோம். இதுக்குப் பேரு என்ன?" கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு கோஷ்டிக்கு வாஷிங்டன் ஸ்டேட்டின் கேம் வார்டு மேல் கண். அவர் மயாமிக்குப் போய்விட்டார், இவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் தபால்காரர், அறுபதுகளிலிருந்து எங்கள் அணியைப் பார்ப்பவர், ஒரே வரியில் முடித்துவிட்டார்: "உயரமாக இருக்கிறான், ஓடுகிறான், பார்ப்போம்."

என் வாதம் என்ன தெரியுமா? எழுதவே கூச்சமாக இருக்கிறது. கான்சஸ் ஸ்டேட்டில் ஏவரி ஜான்சன் என்ற இளைய பையனிடம் இடத்தை விடப்போகிறவர் என்பதால்தான் ஹோவர்டு கிளம்பினார் என்று பேச்சு. "சொந்த ஊர்லயே சீட்டு இல்லாதவனுக்கு இங்க எதுக்குச் சிவப்புக் கம்பளம்?" என்று ஆறு பத்தி எழுதினேன். குழுவில் இருக்கும் மதுரைக்காரன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது அதைத்தான்.

அந்த ஆறு பத்தியையும் எழுதும் முன் அவருடைய பழைய ஆட்டம் ஒன்றையாவது நான் முழுதாகப் பார்க்கவில்லை. பிறகுதான் தேடினேன். 2020இல், கோவிட் வருஷத்தில், பதினெட்டு பத்தொன்பது வயதில் காயம்பட்ட சீனியருக்குப் பதிலாக இறக்கிவிடப்பட்டு அடி வாங்கியவர். 2022இல் அவர் தலைமேலேயே இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஏட்ரியன் மார்டினெஸ். அவரும் அணி மாறி வந்த குவார்ட்டர்பேக்! ஹோவர்டு கோபித்துக்கொண்டு போகவில்லை. காத்திருந்தார். மார்டினெஸுக்குக் காயம் பட்டபோது இறங்கி, அந்த டிசம்பரில் கூடுதல் நேரம்வரை போன ஆட்டத்தில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 31-28 என்று வென்று, பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே அதிக டச்டவுன் வீச்சு, 48, அவர் பேரில்தான் இருந்தது. ஆக, வந்தவரால் இடம் இழப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் எங்களிடம் 'வந்தவராக' நின்றார். சீட்டு இல்லாதவன் என்று நான் எழுதியது இந்த ஆளைப் பற்றி.

அந்த வருஷம் எங்களிடம் வந்தது அவர் மட்டும் இல்லை. மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலிருந்து குயின்ஷான் ஜட்கின்ஸ், அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ். அணிக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர் என்று எங்கள் விளையாட்டுத் துறை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். மற்ற ஊர்க்காரர்கள் "காசு கொடுத்து வாங்கின அணி" என்று கேலி செய்தார்கள். எங்களுக்கு உறைக்கத்தான் செய்தது, ஆனால் வாங்காத அணி எது என்று யாராலும் காட்ட முடியவில்லை.

அக்டோபர் 12, ஓரிகன் ஆட்டம். 31-32. கடைசி ஆறு விநாடியில் ஹோவர்டு பந்தோடு ஓடி, கீழே சறுக்கி உட்கார்ந்தார். உட்காருவதற்குள் கடிகாரம் தீர்ந்துவிட்டது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்றை அடித்துப் பார்க்கும் வாய்ப்பு போச்சு. நான் என் ஆறு பத்தியை எடுத்து மறுபடியும் குழுவில் போட்டேன். நான்கு பேர் கட்டை விரல் காட்டினார்கள். நவம்பர் 30, சொந்த மைதானம், ஆறு வெற்றி ஐந்து தோல்வியோடு வந்த மிஷிகன். 10-13. ஹோவர்டுக்கு இரண்டு இன்டர்செப்ஷன். மிஷிகன் பையன்கள் எங்கள் களத்தின் நடுவில் கொடியை நட வந்தார்கள், அடிதடி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே. பயிற்சியாளர் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பு என்று ஊரே சொன்னது. போன வருஷம் மெக்கார்டைத் திட்டிய அதே வாய்களால், அதே வார்த்தைகளால், ஹோவர்டைத் திட்டினோம்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறுத்தியது. வந்தவனைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பதினோரு மாதமும் போனவனைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். ஹோவர்டின் ஒவ்வொரு வீச்சும் எங்களுக்கு மெக்கார்ட் வழக்கில் ஒரு சாட்சி. நன்றாக வீசினால் "அனுப்பினது சரி", தப்பாக வீசினால் "அனுப்பினது தப்பு". அங்கே மெக்கார்ட் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாரம் 300, 400 யார்டு வீசிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் மொத்தம் 4,779 யார்டு, நாட்டிலேயே முதலிடம். திருச்சிக்காரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த எண்ணை மட்டும் குழுவில் போடுவான். வேறு எதுவும் எழுத மாட்டான். அதற்குப் பதில் வசைமழை.

கொலம்பஸ்காரர்களுக்கு இந்தப் புண் பழையது என்பதையும் சொல்ல வேண்டும். ஜோ பரோ இந்த மாநிலத்துப் பையன். எங்களிடம் இடம் கிடைக்காமல் 2018இல் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2019இல் 60 டச்டவுன் வீசி, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் தேசியக் கோப்பையும் வாங்கிவிட்டார். அதே 2019இல் ஜார்ஜியாவில் இடம் கிடைக்காத ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் எங்களிடம் வந்து எங்கள் நாயகன் ஆனார். இரண்டையும் பார்த்த ஊர். அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது மாதிரிதான் கத்துகிறோம்.

மிச்சம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தேசியக் கோப்பைக்காகப் பன்னிரண்டு அணிகள் ஆடும் புது பிளேஆஃப் அந்த வருஷம்தான் தொடங்கியது, மிஷிகனிடம் தோற்றும் எங்களுக்கு இடம் இருந்தது. டிசம்பர் 21, டென்னசி எங்கள் ஊருக்கு வந்தது. உறைநிலைக்குக் கீழே குளிர். நம்பிக்கை போன எங்கள் ஆட்கள் டிக்கெட்டை விற்றுவிட்டதால் அரங்கில் எங்கே பார்த்தாலும் டென்னசியின் ஆரஞ்சு நிறம். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் போயிருந்தோம். என்னிடம் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு ஜெர்கின், அதற்குள் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மங்கி குல்லா. முதல் கால் பகுதி முடியும்போது 21-0. பக்கத்து வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை, "ஓடுகிறான், பார்த்தாயா" என்று மட்டும் சொன்னார். 42-17.

காலிறுதியான ரோஸ் பவுலில் ஓரிகனை 41-21. அரையிறுதியில் டெக்சஸ். இந்த ஆட்டம் தனியாக ஒரு பதிலுக்கு உரியது. எதிரணியின் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் 2021இல் எங்களிடம் சேர்ந்து, ஆடும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லாமலே டெக்சஸுக்குப் போனவர். இங்கே அவருடைய அறைத்தோழர் ஜாக் சாயர். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த சாயரே யூவர்ஸை மோதி, கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்துவைத்தார். கதாசிரியர் எழுதியிருந்தால் "ரொம்ப ஓவர்" என்று சொல்லியிருப்போம்.

2025 ஜனவரி 20, அட்லாண்டா, இறுதி ஆட்டம். நோட்டர் டேமின் குவார்ட்டர்பேக் ரைலி லெனர்ட் டியூக்கிலிருந்து வந்தவர். ஆக, இரண்டு பக்கமும் வந்தவர்கள். ஹோவர்டின் முதல் 13 வீச்சும் சரியாகப் போய்ச் சேர்ந்தன. 31-7 என்று இருந்தது மெல்ல 31-23க்கு வந்தபோது வயிறு கலங்கியது. மூன்றாவது முயற்சி, பந்து எங்களிடமே இருக்கப் பதினோரு யார்டு தேவை, ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பத்திரமாக ஓடிக் கடிகாரத்தைத் தின்னலாம். அவர் ஜெரமாயா ஸ்மித்துக்கு 56 யார்டு வீசினார். அந்த வீச்சு காற்றில் இருந்த நேரத்தில் ஓரிகன், மிஷிகன், என் ஆறு பத்தி எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. 34-23. பத்து வருஷத்துக்குப் பிறகு கோப்பை.

அடுத்த நாள் காலை எழுந்ததும் குழுவில் ஒரு வரி எழுதினேன்: "நான் சொன்னது தப்பு." மதுரைக்காரன் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறான்.

ஆனால் நான் தப்பு என்றால் திருச்சிக்காரனும் தப்பு என்று ஆகிவிடுமா? இதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. மெக்கார்டே இருந்திருந்தால் இந்த அணியோடு அவரும் கோப்பையைத் தூக்கியிருப்பாரோ என்னவோ, யார் சொல்ல முடியும்? கேம் வார்டு கோஷ்டிக்கும் தலைகுனிவு இல்லை, 2025 ஏப்ரலில் தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான். அதே தேர்வின் ஆறாவது சுற்றில் பிட்ஸ்பர்க் ஹோவர்டை எடுத்தது, 185வது ஆளாக. ஃபிலடெல்ஃபியா மெக்கார்டை எடுத்திருந்தது, 181வது ஆளாக. நான்கு இடம் முன்னால்.

அன்றைக்கு சனிக்கிழமை. திருச்சிக்காரன் வழக்கம்போலக் குழுவில் எண்ணை மட்டும் போட்டான்: "181. 185." ரொம்ப நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மதுரைக்காரன், "சரிடா, இந்த வருஷம் யாரு? அலபாமாலேர்ந்து வந்த சேயினா?" என்று கேட்டான். ராத்திரி இரண்டு மணிவரை போனது.