மிலேவாவின் பங்கு எங்கே?

அன்புள்ள ஐயா,

இளம் ஐன்ஸ்டைனும் மிலேவா மாரிச்சும் காதலித்த காலத்தில் எழுதிக்கொண்ட கடிதங்களைச் சமீபத்தில் ஆங்கிலத்தில் படித்தேன். முடித்தபோது மனம் கசந்துவிட்டது. பக்கம் பக்கமாக ஐன்ஸ்டைன்தான் பேசுகிறார். மிலேவா அங்கங்கே தலைகாட்டுகிறார், அவ்வளவுதான். அவரும் அதே இயற்பியல் படித்தவர்தானே, சொல்ல ஒன்றும் இல்லையா? அவர் கர்ப்பமாக இருக்கும்போதுகூட இவர் யாரோ எழுதிய கட்டுரையைப் பற்றி எழுதுகிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு பேருடைய அந்தரங்கக் கடிதங்களை நாம் இப்படிப் படிப்பது சரிதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மிலேவா குறைவாக எழுதினார் என்று அந்தத் தொகுப்பை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஐன்ஸ்டைன் எழுதியவற்றை மிலேவா எடுத்து வைத்தார். மிலேவா எழுதியவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. 1897 முதல் 1903 வரையிலான ஐம்பத்துச் சொச்சம் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிலேவாவுடையவை பத்துப் பதினொன்று தேறும். அடுத்த முறை படிக்கும்போது, உன் கடிதம் வந்தது, நீ கேட்டிருந்தாயே என்று ஐன்ஸ்டைன் எழுதும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். காணாமல் போனவை எத்தனை என்று ஓரளவு பிடிபடும்.

இத்தனைக்கும் கிடைத்தவற்றில் முதல் கடிதம் மிலேவா எழுதியதுதான். 1897 இலையுதிர்காலம். இருவரும் படித்த ஜூரிச் பாலிடெக்னிக்கில் அவர்கள் பிரிவில் இருந்த ஒரே பெண் மிலேவா. ஐன்ஸ்டைனைவிட மூன்றேகால் வயது மூத்தவர். ஒரு பருவம் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்கப் போயிருந்தார், அங்கிருந்து எழுதுகிறார். அங்கே பேராசிரியராக இருந்த லேனார்டின் வகுப்பைப் பற்றி அதில் வரும் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். ஆக்சிஜன் மூலக்கூறு விநாடிக்கு 400 மீட்டருக்கு மேல் பாய்கிறது என்கிறார் பேராசிரியர். அப்புறம் சமன்பாடு போட்டு, வகையிட்டு, தொகையிட்டு, கடைசியில் பார்த்தால் அது நகரும் தூரம் ஒரு மயிரிழையின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குதானாம்! பேராசிரியரைச் செல்லமாகக் கேலி செய்துகொண்டே பாடத்தையும் கச்சிதமாகச் சொல்லிவிடுகிறார். அதே கடிதத்தில், அப்பா உங்களுக்காகப் புகையிலை கொடுத்தனுப்பினார் என்ற செய்தியும் இருக்கிறது. வாயும் மூளையும் உள்ள பெண். இப்படி எழுதக்கூடியவர் அடுத்த ஆறு வருடம் சொல்ல எதுவும் இல்லாமல் இருந்தார் என்று நான் நம்பமாட்டேன்.

நீங்கள் கோபப்பட்டது 1901 மே மாதம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து ஐன்ஸ்டைன் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். புற ஊதா ஒளியால் கேத்தோடு கதிர்களை, அதாவது எலக்ட்ரான் கற்றைகளை, உண்டாக்குவது பற்றி அதே லேனார்ட் எழுதிய கட்டுரையைப் படித்த மகிழ்ச்சி முதலில் வருகிறது. கவலைப்படாதே, உன்னைக் கைவிடமாட்டேன் என்பதும் பையன் எப்படியிருக்கிறான் என்பதும் அதற்குப் பிறகுதான். பையன் என்றால் வயிற்றில் இருக்கும் குழந்தை. எனக்கும் அந்த வரிசை உறுத்தத்தான் செய்கிறது. கல்யாணம் ஆகவில்லை, இவருக்கு நிரந்தர வேலை இல்லை, அவர் இரண்டாம் முறையாகத் தேர்வு எழுத வேண்டும். அந்த ஜூலையில் கருவைச் சுமந்துகொண்டே எழுதினார், தேறவில்லை, அத்துடன் பட்டமும் போயிற்று. ஆனால் அந்தக் கட்டுரையைப் பற்றிய வரிகள் மிலேவாவை ஒதுக்குவதற்காக எழுதப்பட்டவை அல்ல. இவர்கள் பழகியதே இதைப் பேசித்தான். ஒரு நல்ல கட்டுரையைப் படித்தால் உடனே சொல்லத் தோன்றும் ஆள் ஐன்ஸ்டைனுக்கு அப்போது மிலேவாதான். பொறுப்பில்லாமல் எழுதினார் என்றால் ஒத்துக்கொள்கிறேன், அன்பில்லாமல் எழுதினார் என்றால் மாட்டேன்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில் மிலேவாவின் பங்கு பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1901 மார்ச்சில் ஐன்ஸ்டைன் சார்பு இயக்கம் பற்றிய நம் இருவருடைய ஆய்வு என்று எழுதிய வரியை வைத்து மிலேவாவையும் அந்தக் கோட்பாட்டை உருவாக்கியவராக்குகிறார்கள் சிலர். மிலேவாவின் கடிதங்களில் அப்படிப்பட்ட யோசனைகள் இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள் வேறு சிலர். பதில்களில் பெரும்பகுதி இல்லாத ஒரு கடிதக் கட்டை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் இவ்வளவு உறுதியாகப் பேசக்கூடாது.

மிலேவாவின் குரல் கேட்க வேண்டுமானால் இன்னோர் இடம் இருக்கிறது. ஜூரிச்சில் ஒரே விடுதியில் தங்கியிருந்த தோழி ஹெலேனாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் தப்பின. ஐன்ஸ்டைனின் அம்மா பவுலினாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவே இல்லை. 1900 ஜூலையில் மகன் கல்யாணப் பேச்சை எடுத்ததும், கட்டிலில் விழுந்து தலையணையில் முகம் புதைத்து அழுதார். உனக்கு முப்பது வயதாகும்போது அவள் கிழவியாகிவிடுவாள் என்றார். இதை ஐன்ஸ்டைன் ஒன்றுவிடாமல் மிலேவாவுக்கே எழுதி அனுப்பியிருக்கிறார்! அதைப் படித்த மிலேவாவுக்கு எப்படி இருந்திருக்கும்? பின்னால் பவுலினா மிலேவாவின் பெற்றோருக்கே கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அப்போது மிலேவா ஹெலேனாவிடம் பொருமுகிறார்: என் வாழ்க்கையை மட்டுமல்ல, தன் மகன் வாழ்க்கையையும் கசப்பாக்குவதே அந்த அம்மாளுக்கு லட்சியம் போலிருக்கிறது. இப்படித் தயங்காமல் பேசும் மிலேவாவைத்தான் நீங்கள் தேடினீர்கள் என்று தோன்றுகிறது.

இனி அந்தரங்கம். மகள் லீசர்ல் 1902 தொடக்கத்தில், இன்றைய செர்பியாவில், மிலேவாவின் தாய்வீட்டில் பிறந்தாள். பிரசவத்தால் மிலேவா துவண்டிருந்ததால் சேதியை எழுதியவர் அவருடைய அப்பா. பெர்னிலிருந்து ஐன்ஸ்டைன் எழுதிய பதில் முழுக்கக் கேள்விகள். நன்றாக அழுகிறாளா, கண் எப்படி, யார் ஜாடை, யார் பால் கொடுக்கிறார்கள்? இன்னும் பார்க்கவேயில்லை, ஆனாலும் அவ்வளவு பிரியம் என்கிறார். 1903 ஜனவரி 6 அன்று பெர்னில் கல்யாணம். அந்தச் செப்டம்பரில் லீசர்லுக்குச் செங்காய்ச்சல் என்று தெரிந்து வருந்தி எழுதுகிறார். அவளை என்னவென்று பதிவு செய்திருக்கிறார்கள், பின்னால் அவளுக்குச் சிக்கல் வரக்கூடாதே என்றும் கேட்கிறார். அதற்குப் பிறகு கடிதங்களில் அவள் பேச்சே இல்லை. இறந்தாளா, வேறு வீட்டில் வளர்ந்தாளா, தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவோ தேடியும் பிறப்புப் பதிவு அகப்படவில்லை.

மிலேவா இந்தக் கடிதங்களை 1914இல் பிரிந்தபோதும் கிழிக்கவில்லை, 1919இல் விவாகரத்து ஆனபோதும் எரிக்கவில்லை. 1948இல் அவர் இறந்தபின் அவை மூத்த மகன் குடும்பத்திடம் போயின. மருமகள் வெளியிட முயன்றபோது ஐன்ஸ்டைனின் சொத்துக்குப் பொறுப்பாளர்கள் தடுத்தார்கள். 1987இல்தான் அச்சாயின. அதுவரை இப்படி ஒரு மகள் பிறந்தாள் என்பதே உலகத்துக்குத் தெரியாது. தடுத்தவர்கள் கடைசிவரை ஜெயித்திருந்தால் லீசர்ல் என்ற பெயரே நமக்குக் கிடைத்திருக்காது. அதனால் வெளியிட்டது சரி என்பதுதான் என் பதில். நீங்கள் தயங்காமல் படிக்கலாம்.