குழந்தையின் ஊசியும் பெற்றோரின் கைப்பேசியும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. வரும் புதன்கிழமை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட அழைத்து வரும்படி நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறார். இந்த ஊசி போட்ட பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை தங்காது என்றும், ஆட்டிசம் வரும் என்றும் ஒரு காணொளியை என் நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மாமியார், "ஒரு வருஷம் போகட்டும்" என்கிறார். என்ன செய்யலாம்?
*வாசகி, கொருக்குப்பேட்டை*

இந்தப் புதன்கிழமையே போட்டுவிடுங்கள். கருவில் இருந்தபோது உங்களிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல், ஒன்பது மாத அளவில் குழந்தையின் உடலில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதற்கு வெகு முன்பே ஊசி போட்டால், அந்த எதிர்ப்பாற்றலே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். தள்ளிப்போட்டால் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் இராது. தட்டம்மை காற்றில் பரவுவது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடக்கூடும் என்பது பாடநூல் கணக்கு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த உங்கள் பகுதியில் அது எப்படி நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. "அம்மா வந்திருக்கிறாள்" என்று வாசலில் வேப்பிலை செருகிய நாட்களையும், அம்மை இறங்கிய பிறகு நிமோனியாவில் போன பிள்ளைகளையும் உங்கள் மாமியார் அறிந்திருக்கக்கூடும். ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

குழந்தை தங்காது என்ற செய்தி உண்மையைத் தலைகீழாக்குகிறது. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தைக்கு இதயக் கோளாறோ, கண்புரையோ, காது கேளாமையோ வரலாம். உங்கள் மகள் தாயாகும் காலத்தில் அவளைக் காப்பதற்காகவே இந்த மருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆட்டிசம் பற்றிய அச்சத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை அது. 2010-ல் அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; அதே ஆண்டு அவர் பெயர் அந்நாட்டு மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. ஆனாலும் இந்த வதந்தி சாகாததற்குக் காரணம், ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும் வயதும், 16 முதல் 24 மாதங்களுக்குள் போடும் இரண்டாம் தவணையும் ஒரே காலத்தில் வருவதுதான்.

குழுவில் நாத்தனாருக்குப் பதில் எழுதி மல்லுக்கு நிற்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் தவறென்று சொல்லப்பட்டவர் தம் பேச்சை மாற்றிக்கொள்வது அரிது. மாறாக, புதன்கிழமை மாமியாரையும் உடன் அழைத்துக்கொண்டு போய், அந்தக் காணொளியைச் செவிலியரிடமே காட்டுங்கள். இந்த ஊசிக்குக் காய்ச்சல் வருவதானால் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்தே வரும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால், "அப்போதே சொன்னேனே" என்று அந்தக் காணொளி மீண்டும் சுற்றத் தொடங்கும்.

நான் ஆசிரியை. எந்நேரமும் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் பெற்றோர்தாம் தடுப்பூசியைத் தட்டிக்கழிக்கிறார்களா? பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவை மூடிவிடலாமா என்று எங்கள் பள்ளியில் பேச்சு எழுந்திருக்கிறது.
*வாசகி, திருவொற்றியூர்*

மூட வேண்டாம். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அனைத்து அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்றவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர்; 2019-21-ல் ஏறத்தாழ 89 பேர். மலிவான இணையமும் திறன்பேசியும் வீடுவீடாக நுழைந்ததும் இதே காலத்தில்தான். கைப்பேசியே எதிரி என்றால் இந்த எண்ணிக்கை இறங்கியிருக்க வேண்டும். அதற்கும் முந்தைய தலைமுறையில், தொலைக்காட்சி விளம்பரமும் ஆட்டோவில் மைக் கட்டிச் செய்த அறிவிப்பும் போலியோ சொட்டு மருந்து முகாமுக்குக் கூட்டம் சேர்த்தன. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடங்கவில்லை.

அப்படியானால் 2017 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான அனைவருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் மிரண்டார்கள். தமிழ்நாட்டில் இயக்கத்தின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. "ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்டாயிற்றே, மறுபடி எதற்கு?" என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நேரான விடையும் இருந்தது: ரூபெல்லா மருந்து அதுவரை அரசு அட்டவணையில் இல்லை, தட்டம்மையிலும் விடுபட்டவர்கள் இருந்தார்கள். அந்த விடை ஒவ்வொரு பெற்றோரையும் சென்றடைவதற்கு முன்பே வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதே என் கருத்து. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வும், பொய் உண்மையைவிட வேகமாகவும் தொலைவாகவும் போகிறது என்றே கண்டது.

பயப்படும் பெற்றோரை அறியாமை என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 2008-ல் உங்கள் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில் தட்டம்மை ஊசி போடப்பட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதைக் கேள்விப்பட்ட தாய் தயங்கத்தான் செய்வாள். அவளுடைய தயக்கம், தேதியும் ஊரும் இல்லாத ஒரு காணொளியிடம் போய் நிற்கிறதா, குழந்தையின் அட்டையைக் கையில் வைத்திருக்கும் செவிலியரிடம் போய் நிற்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

ஆகவே உங்கள் பள்ளிக் குழுவை அந்தத் தாயைச் செவிலியரிடம் கொண்டு சேர்க்கும் வழியாக்குங்கள். முகாம் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எந்த ஊசி, எதற்கு, போட்ட பின் என்ன வரலாம் என்பதை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள். எழுத்தைவிடக் குரலைக் கேட்பவர்களே அதிகம். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது, எழுதியவர் அனுப்பியவரல்லர் என்பதையும் பெற்றோருக்குக் காட்டிக் கொடுங்கள்.

பேரனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. மகன் யூடியூப் பேச்சைக் கேட்டு ஒன்றரை வயது ஊசிகளை விட்டுவிட்டான். இப்போது மனம் மாறியிருக்கிறான். முதலிலிருந்து எல்லாவற்றையும் போட வேண்டுமா?
*வாசகர், காசிமேடு*

வேண்டியதில்லை, ஐயா. முன்பு போட்டவை வீணாகவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரையிலும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரையிலும் போட அரசுத் திட்டம் இடம் தருகிறது. அட்டை தொலைந்திருந்தாலும் போகத் தயங்க வேண்டாம்; முன்பு ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லலாம். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள். ஊசி போட்டதும் பேரனை உடனே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடாமல், அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்திருங்கள்.