கதவு எண் தேதியாக மாறுவது பற்றி

மயிலாப்பூர் தெருப் பட்டியலில் 5/12 என்று அடித்தால் எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்குகிறது, வரிசைப்படுத்தினால் 1-க்கு அடுத்து 10 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கம் எக்செலுக்குத் தெரியுமா, பாவம்! 14/31 மட்டும் தப்பிக்கும், 14-வது மாதமும் கிடையாது, 31-வது மாதமும் கிடையாதே.

மாறிப்போனவற்றை டெக்ஸ்ட் (வெறும் எழுத்து) ஆக்கினால் 45 ஆயிரம், 46 ஆயிரம் என்று ஏதோ வரும். 1900 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள் கணக்கு அது. டெக்ஸ்ட் ஆக்கிய பிறகு திரும்ப அடித்துவிடுவது நல்லது.

பழைய எண்ணுக்கு ஒரு பத்தி (column), புதியதற்கு ஒன்று, 12ஏ-யில் உள்ள ஏ-வுக்குத் தனியாக ஒன்று வையுங்கள். பத்தி முழுக்க வெறும் எண்ணாக இருந்தால் 2-க்குப் பிறகே 10 வரும். டெக்ஸ்டாக இருந்தால் முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். அதனால் 10 முந்திக்கொள்ளும். 002, 010 என்று அடித்தும் சமாளிக்கலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது.

அப்புறம், நோட்டீஸ் கொடுக்க நடந்து போகும் வரிசை கதவு எண் வரிசையாக இருக்காது. அதற்கு 10, 20, 30 என்று இடைவெளி விட்டு இன்னொரு பத்தி போடுங்கள். நடுவில் புது வீடு வந்தால் 15 கொடுத்துவிடலாம்.