செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0011 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது. மெக்கானிக் சொல்வதுபோல் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) சொலினாய்டை மாற்றிவிடலாமா?

உடனே மாற்றாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பாருங்கள்.

இன்டேக் கேம்ஷாஃப்ட் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) இருக்க வேண்டிய கோணத்தைத் தாண்டி முன்னால் நிற்கிறது என்பதுதான் பி0011. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. பெரும்பாலான கார்களில் கேமின் கோணத்தை மாற்றுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம்தான். சொலினாய்டு அந்த ஆயிலுக்கு வழிவிடும் வால்வு. ஆயில் குறைந்தாலும், கறுத்துப் பிசுக்கு வைத்தாலும், கிரேடு மாறினாலும் இதே கோடு வரலாம்.

நம்ம சென்னையில் இதற்கு வாய்ப்பு அதிகம். வேளச்சேரி, ஓஎம்ஆர் நெரிசலில் ஊர்ந்தால் கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். மீட்டரைப் பார்த்து சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். "சென்னை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள கிரேடுதான் சரி.

ஆயில் சரியாக இருந்தால் சொலினாய்டைக் கழற்றச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஒரே போல்ட்தான். அதன் உடம்பில் மெல்லிய வலை இருக்கும் (சில எஞ்சின்களில் வலை தனியாக இருக்கும், அதையும் தேட வேண்டும்). வலையில் கறுப்புப் பிசுக்கு அடைத்திருந்தால் பல நேரம் கழுவினாலே போதும். வெள்ளித் தூள் மினுங்கினால் எஞ்சினுக்குள் எதுவோ தேய்கிறது, விஷயம் பெரியது. கழுவிய பிறகு ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பூல் (முன்னும் பின்னும் நகரும் உருளை) டக்கென்று நகர்ந்து, கரண்டை எடுத்ததும் முழுதாகத் திரும்ப வேண்டும். பாதியில் சிக்கினால் அப்போது மாற்றுங்கள், புது ஓ-ரிங்கோடு. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்குவதானால் பழையதைக் கையோடு கொண்டுபோய் பாக எண்ணை ஒப்பிடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஆயில் துளை மாறியிருக்கலாம்.

பி0010 வந்திருந்தால் கதை வேறு. அது வயர், கனெக்டர், காயில் சமாசாரம், மல்டிமீட்டரே போதும். ஆனால் பி0016-ம் (கிராங்க்ஷாஃப்டும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற கோடு) சேர்ந்து வந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தமும் கேட்டால் டைமிங் செயின் (கிராங்க்ஷாஃப்டோடு கேமை இணைக்கும் சங்கிலி) நீண்டிருக்கலாம், கேம் ஃபேஸர் (ஆயில் அழுத்தத்தால் கேமின் கோணத்தை மாற்றும் பாகம்) தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். செயின் பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும்.

அப்புறம், பாகத்துக்குப் பணம் கொடுக்கும் முன் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கேமின் இலக்குக் கோணமும் நிஜக் கோணமும் சேர்ந்து நகர்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.